ஐஸ் நிற்கவில்லை, உப்பு கசிகிறது, சொம்பு வேர்க்கிறது: கடலோர வீட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் பிரிட்ஜ் பழுது பார்ப்பது என் தொழில். போனை எடுத்ததும் எதிர்முனையில் வரும் முதல் வார்த்தை பெரும்பாலும் "காஸ் போயிருச்சு போலண்ணே" என்பதுதான். போய்ப் பார்த்தால் காஸ் அப்படியே இருக்கும். கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், அல்லது ஆவி பறக்கப் பறக்க சாம்பாரை உள்ளே வைத்திருப்பார்கள். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, "தம்பி, அப்படியே இதையும் பாருங்களேன்" என்று உப்பு ஜாடி வரும், சூட டப்பா வரும், சிலிண்டர் வரும். இதெல்லாம் பிரிட்ஜ்காரன் வேலையா என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, எல்லாமே ஒரே கணக்கு. திடம் திரவமாகிறது, திரவம் ஆவியாகிறது, ஆவி திரும்பி வருகிறது. எந்தக் கோளாறானாலும் நான் முதலில் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன்.

வெப்பம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? ஐஸ் உருக வேண்டுமென்றால் எங்கிருந்தாவது வெப்பத்தை வாங்கியாக வேண்டும். வாங்குகிற அந்த நேரம் முழுக்க தெர்மாமீட்டர் 0 டிகிரியிலேயே நிற்கும், அசையாது. 1 கிலோ ஐஸ் அதே 0 டிகிரித் தண்ணீராக மாற 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரி வரை சூடேறிவிடும். 100 டிகிரித் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் கிலோவுக்கு 2,257 கிலோஜூல், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. இந்த ஒளிந்த வெப்பத்தை 1760களில் கண்டு சொன்னவர் ஜோசப் பிளாக். நம் பள்ளிப் புத்தகத்தில் இது உள்ளுறை வெப்பம்.

இரண்டாவது கேள்வி, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது? வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாம் ஈரத்துக்கு நடுவில்தான் குடியிருக்கிறோம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குறைவான எதைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும். 26 என்பது குளிர்ச்சியே இல்லை, குழாய்த் தண்ணீரே சில நாள் அப்படித்தான் இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

விடியற்காலை போட்ட ஐஸ் பத்து மணிக்கே தண்ணீராகிவிட்டது

மீன் வியாபாரிகள் இதைச் சொல்லும்போது கூடவே ஐஸ் கம்பெனியையும் திட்டுவார்கள். கம்பெனியைத் திட்டுமுன் பெட்டியின் வெளிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சில்லென்று இருந்து, அங்கே வேர்வையும் கட்டியிருந்தால் வெப்பம் நுழைகிற வாசல் அதுதான். பைபர் பெட்டியில் கீறல் விழுந்து உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற அடைப்பில் தண்ணீர் ஏறிவிட்டால் பெட்டி கனக்கும், குளிரும் நிற்காது. அந்த அடைப்பில் சிறைபட்டிருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அது போன இடத்தில் தண்ணீர் வந்தால் தடுப்பு போயிற்று. தெர்மாகோல் பெட்டி என்றால் மூடி பொருந்துகிறதா என்று பாருங்கள். மூலை உடைந்த மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டால் கொஞ்சம் தாங்கும்.

பெட்டி நன்றாக இருந்தால் அடுத்தது மீன். சூடாக இருந்த மீனையா அடுக்கினீர்கள்? 30 டிகிரியில் இருக்கும் 3 கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 1 கிலோ ஐஸ் உருக வேண்டும். அப்படியென்றால் கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடச் சொல்கிறார்களே, மிச்சம் எதற்கு? மிச்சமெல்லாம் பெட்டிச் சுவருக்கும், மூடியைத் திறந்து திறந்து காட்டுவதற்கும், பெட்டியை வெயிலில் வைத்ததற்கும் நாம் கட்டுகிற வட்டி. நிழலில் வைத்து, அடியிலும் பக்கவாட்டிலும் மேலேயும் ஐஸ் போட்டால் வட்டி குறையும். மேலே மட்டும் அள்ளிப் போடுகிறவர்களுக்கு அடி மீன் முதலில் கெடும். அடிப்பலகை வழியாகவும் வெப்பம் ஏறும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

மூன்றாவது, வாங்கிய ஐஸ். நொறுக்கி வைத்து நேரமாகி, சொதசொதவென்று இருக்கும் ஐஸில் ஒரு பங்கு ஏற்கனவே தண்ணீர். எடை ஏறும், குளிர்ச்சி வராது. பாராக, அதாவது உடைக்காத முழுக்கட்டியாக வாங்கி, அடுக்குகிற நேரத்தில் உடைப்பது நல்லது. பெரிய கட்டி மெதுவாக உருகும், ஆனால் மீனை மெதுவாகத்தான் குளிர வைக்கும். நொறுக்கியது சட்டென்று குளிர வைக்கும், சட்டென்று தீரவும் செய்யும். எனவே மீனைச் சுற்றி நொறுக்கு, ஓரத்தில் ஒரு பெரிய கட்டி. இது என் பழக்கம், குறை சொல்ல ஆள் வரவில்லை.

பாரின் நடுவில் வெள்ளையாக இருக்கிறதே, கலப்படமா என்று கேட்பார்கள். இல்லை. தகர டின்னில் தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறைகிற ஐஸ் காற்றையும் கரைந்த உப்பையும் தனக்குள் சேர்க்காமல் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் மாட்டிக்கொண்ட குமிழிகள்தான் அந்த வெள்ளை.

ஐஸ் சீக்கிரம் உருகாமலிருக்கக் கல்லுப்பு தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை நேர் எதிராக நடக்கும். உப்பு பட்ட ஐஸ் இன்னும் வேகமாக உருகும். உருகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றிடமிருந்தும் பிடுங்குவதால் குளிர் சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி வரைகூட இறங்க முடியும். குல்பிக்காரர் பானைக்கு அது சரி. மீனுக்கு அது தோலைச் சுட்டுவிடும், ஐஸும் பாதி நேரத்தில் தீரும்.

உருகிய தண்ணீரை என்ன செய்வது? அடி ஓட்டை வழியாக மெல்ல வடிய விடுங்கள். மீன் மேல் வழிந்து இறங்கும்போது அது 0 டிகிரித் தண்ணீர், குளிர்ச்சியைத் தந்துகொண்டேதான் இறங்குகிறது. தேங்கி ரத்தத்தோடு கலந்து நின்றால்தான் நாற்றம்.

பிரீசர் முழுக்கப் பனி, கீழ்த்தட்டு குளிரவில்லை

எனக்கு அதிகம் வருகிற அழைப்பு. இங்கே ஆவி தண்ணீராகும் கட்டத்தையே தாண்டி நேரடியாகப் பனியாகப் படிகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கடற்காற்று உள்ளே போய்த் தன் ஈரத்தை பிரீசர் சுவரில் இறக்கிவிட்டு வரும். பனி கனமாகக் கனமாக அதுவே ஒரு கம்பளி. காயிலின், அதாவது குளிர் தரும் குழாய்ச் சுருளின் குளிர் வெளியே வராது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், மின் கட்டணம் ஏறும்.

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிமானமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் காற்று புகுகிறது. நான்கு பக்கமும் பாருங்கள், கீழ்மூலையை விடாதீர்கள். சில சமயம் ரப்பர் கெடவே இல்லை, மடிப்பில் உப்பும் அழுக்கும் சேர்ந்து ஒட்டவிடாமல் தடுக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சரியாக ஒட்டிவிடும். ரப்பர் சரி என்றால், மூடாமல் வைத்த குழம்பு, தண்ணீர் ஊற்றிய சோறு, ஈரம் சொட்டும் கீரை. இவை எல்லாம் உள்ளேயே ஆவியை உற்பத்தி செய்பவை.

பனியை நீக்க ஸ்விட்சை அணைத்து, கதவைத் திறந்து, சூடான தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை பிரீசரில் வைத்து அரை மணி நேரம் பொறுங்கள். கத்தியை எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சாதாரண ஒற்றைக் கதவு பிரிட்ஜில் பிரீசர் பெட்டிச் சுவரே அலுமினியக் காயில். ஒரு குத்து போதும், புஸ் என்று ஒரு சத்தம், அதோடு சரி. அப்போதுதான் "காஸ் போயிருச்சு" என்பது உண்மையாகும்.

அந்தக் காஸ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் கத்தி எடுக்கக் கை வராது. பிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரம் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கிறது. இப்போதைய வீட்டு பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சாதாரண காற்றழுத்தத்தில் அது சுழியத்துக்குக் கீழே 12 டிகிரியிலேயே கொதிக்கும். கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால் அதைவிடக் குளிரிலும் கொதிக்கும். கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதை உங்கள் மீன் துண்டிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பின்பக்கக் கம்பிகளில் மறுபடி திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால்தான் பிரிட்ஜின் முதுகு சுடுகிறது. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் எங்கே விடும்? ஒரு கையகலம் இடம் விடுங்கள். ஐசோபியூட்டேன் சமையல் காஸின் குடும்பம், தீப்பிடிக்கும். மெழுகுவத்தி காட்டிப் பனியை உருக்குவது வேண்டவே வேண்டாம்.

உண்மையிலேயே காஸ் குறைந்திருந்தால் அறிகுறி வேறு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், பனியோ பிரீசரின் ஒரு மூலையில் மட்டும் படியும், மற்ற இடம் வெறுமனே இருக்கும். அப்போது கூப்பிடுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று பின்பக்க இரும்புக் குழாயை அரித்துவிடும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் ஆயுள் கூடும்.

சொம்பு ஒழுகுகிறது, பிரிட்ஜ் கதவில் தண்ணீர் வழிகிறது

ஒழுகவில்லை. சந்தேகம் இருந்தால் சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலக்குங்கள். வெளியே வழிவது மஞ்சளாக இருந்தால் ஓட்டை, நிறமில்லாமல் இருந்தால் காற்றின் ஈரம். கீழக்கரையில் ஒரு லாத்தா புது எவர்சில்வர் குடத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். மஞ்சள்தான் தடுத்து நிறுத்தியது.

பிரிட்ஜ் கதவு ஓரம் வேர்ப்பது ஐப்பசி, கார்த்திகையில் சகஜம். துடைத்தால் போதும். ஒரே இடத்தில் வருடம் முழுக்க வேர்த்தால் அங்கே ரப்பர் கசிகிறது, மேலே சொன்ன நோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். ஏசி வேனில் வந்து தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கும் சுற்றுலாக்காரர்களின் மூக்குக்கண்ணாடி நொடியில் பனிமூடிப் போவதும் இதேதான். கண்ணாடி வேனின் குளிரோடு வெளியே வருகிறது. துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தால் தானே தெளியும்.

மண்பானைத் தண்ணீர் குளிரவே இல்லை

பரமக்குடியில் வாங்கிய பானை அங்கே குளிர வைத்தது, பாம்பனில் வைக்கவில்லை என்றார் ஒருவர். பானை மேல் தப்பில்லை. பானையின் நுண்துளை வழியாக வெளியே வரும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரிடம் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். உள்நாட்டில் 36 டிகிரி வெயில், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் பானை நீர் 25 டிகிரியை ஒட்டி இறங்க முடியும். கடலோரத்தில் 30 டிகிரியும் 80 சதவீதமும் என்றால் 27க்குக் கீழே போகாது. அங்கே 11 டிகிரி லாபம், இங்கே 3. வேர்த்துக்கொண்டே இருந்தும் நமக்குப் புழுக்கம் தீராததற்கும் காரணம் இதுதான், வேர்வை காய்ந்தால்தானே குளிரும்.

கச்சான் என்கிற காய்ந்த மேல்காற்று அடிக்கும் நாட்களில் பானையும் குளிரும், துணியும் காயும். மற்ற நாட்களில் பானையைக் காற்றோட்டமான திண்ணையில், மணல் மேல் வையுங்கள். பழைய பானை வருடா வருடம் மோசமாகிறதென்றால் நம் கிணற்று நீரின் உப்புதான் துளைகளை அடைத்திருக்கும். வெளியே வெள்ளைப் பூப்பு தெரியும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயப்போட்டால் கொஞ்சம் திரும்பும். பெயின்ட் அடித்த அழகுப் பானை குளிராது. அதைப் பூந்தொட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது

உப்பு உருகிவிட்டது என்பார்கள். உப்பு உருக 801 டிகிரி வேண்டும். இங்கே நடப்பது உருகல் இல்லை. காற்றிலுள்ள ஆவியை உப்பு இழுத்துத் தன்னையே அதில் கரைத்துக்கொள்கிறது. சுத்தமான சோற்றுப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் இப்படிச் செய்யும். மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் 33 சதவீதமே போதும், நம் ஊரில் அப்படி ஒரு காய்ந்த நாளே கிடையாது.

அந்த மக்னீசியம் எங்கிருந்து வருகிறது என்பதை வாலிநோக்கம் உப்பளத்தில் நின்று பார்த்தால் தெரியும். கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்புகள். பாத்தியில் வெயில் தண்ணீரைச் சுண்டவைக்கும்போது முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் அவ்வளவு எளிதில் இறங்காது, கடைசித் தண்ணீரில் தங்கும். அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு வாரினால் உப்பு காய்ந்து நிற்கும். அவசரத்தில் சேர்த்து வாரினால் வீட்டு ஜாடியில் கசியும்.

வாங்கிய உப்பு கசிகிறதென்றால் இரண்டு நாள் மூங்கில் கூடையில் வையுங்கள். அடியில் சொட்டும் தண்ணீரை நாக்கில் வைத்தால் கசக்கும், கசப்பு வெளியே போகிறது என்று அர்த்தம். பிறகு நல்ல வெயிலிலோ வெறும் வாணலியிலோ காயவைத்து, ஆறியபின் ஜாடியில் போட்டு இறுக மூடுங்கள். ஆறுமுன் மூடினால் உள்ளே இருக்கும் ஆவி மூடியில் திரண்டு திரும்பவும் உப்பிலேயே சொட்டும். டப்பாவில் வறுத்த அரிசி போடுவது தூளுப்பு கட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், கல்லுப்பு ஜாடிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சூடம் டப்பாவிலேயே குறைந்துகொண்டு வருகிறது

யாரும் திருடவில்லை. சூடம் திரவமாகாமலேயே நேராக ஆவியாகும், பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். பீரோவில் வைத்த அந்துருண்டையும் அதே ரகம். டப்பாவில் மிளகு போட்டால் குறையாது என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. என் கணிப்பில் காப்பாற்றுவது மிளகு இல்லை, இறுக்கமான மூடி. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் திரும்பவும் டப்பாச் சுவரிலேயே துகளாகப் படியும். சின்ன டப்பாவாக எடுத்து, நிறைய அடைத்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் வெள்ளையாக உறைந்திருந்தால் கவலையே வேண்டாம். அதன் உருகுநிலை 24 டிகிரியை ஒட்டியது, நம் ஊர் மார்கழிக் குளிரே அதற்குப் போதும். வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். உறையாவிட்டால் கலப்படம் என்று சொல்வதும் தப்பு, அன்றைக்குக் குளிர் போதாமல் இருந்திருக்கலாம்.

சிலிண்டர் மேல் பனி, அடுப்பு மங்கி எரிகிறது

டீக்கடைகளிலும் பரோட்டாக் கடைகளிலும் வருகிற கோளாறு. 19 கிலோ சிலிண்டரில் பெரிய அடுப்பை முழு வேகத்தில் எரித்தால் உள்ளே திரவமாக இருக்கும் காஸ் வேகமாக ஆவியாகியாக வேண்டும். அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் இரும்பிலிருந்தும் எடுக்கிறது. சிலிண்டர் சில்லிட்டுப் பனிகூடப் படியும். குளிரக் குளிர உள்ளே அழுத்தம் குறையும், தீ மங்கும். காஸ் தீர்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள், பாதி இருக்கும்போதே. தீயைக் குறைத்து அரைமணி ஓய்வு கொடுத்தாலே அழுத்தம் திரும்பிவிடும். தினமும் நடக்கிறதென்றால் ஏஜென்சி ஆட்களைக் கொண்டு இரண்டு சிலிண்டரை இணைத்துக்கொள்ளுங்கள், பாரம் பகிர்ந்துபோகும்.

செய்யக் கூடாதவை: கொதிக்கும் தண்ணீரில் சிலிண்டரை இறக்குவது, பக்கத்தில் நெருப்பு காட்டுவது, படுக்க வைப்பது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். திரவ காஸ் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் தீ எந்த உயரத்துக்கு எழும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில், அடுப்பு சாதாரணமாக எரியும்போதே ரெகுலேட்டர் பக்கம் மட்டும் பனி படிந்தால் அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். இந்தக் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வெளியே வந்து 1906க்கு அடியுங்கள்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு துடையுங்கள். மேலே சீக்கிரம் காய்ந்து, ஓரிடத்துக்குக் கீழே ஈரம் தங்கும். அந்த எல்லைதான் திரவ மட்டம்.

தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு வேகவில்லை

தீயைக் கூட்டிப் பயனில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, கூடுதல் தீ முழுக்க ஆவியாகிப் புகைக்கூண்டில் போய்விடும். குக்கரில் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரை போகும், வித்தியாசம் அதுதான். குக்கரிலும் வேகவில்லையென்றால் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைச் சந்தேகப்படுங்கள், பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கருப்பட்டி இறுகவில்லை, அல்லது இறுகியது இளகுகிறது

அம்மா பிறந்த ஊர் சாயல்குடிப் பக்கம், அதனால் இது எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம். பதநீரில் பெரும்பங்கு தண்ணீர். அது சுண்டச் சுண்ட, சர்க்கரை அடர்த்தியாகி, கொதிநிலை 100ஐத் தாண்டி 110, 115 என்று ஏறும். இறுகாத கருப்பட்டியில் பெரும்பாலும் தண்ணீர் மிச்சம், இறக்கியது சீக்கிரம். தெர்மாமீட்டர் எதற்கு, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கரைந்து பரவினால் பொறுக்க வேண்டும், விரலில் உருட்ட வந்தால் சிரட்டையில் ஊற்றலாம்.

சரியாகக் காய்ச்சியும் இறுகவில்லையென்றால், பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு போதவில்லை. பதநீர் புளிக்கத் தொடங்கிவிட்டால் அதிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதி உடைந்துபோகும். உடைந்த சர்க்கரை படிகமாகாது, மற்றதையும் படிகமாக விடாது. எவ்வளவு காய்ச்சினாலும் பசைதான், கடைசியில் கருகும். இறுகியிருந்து ஐப்பசி மழையில் இளகினால் அது உப்பு ஜாடிக் கதைதான், ஈரத்தை இழுத்துவிட்டது. அதைப் பனையோலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார் பாட்டி. இறுகவே இறுகாத பாகு கையில் இருந்தால் மறுபடி அடுப்பேற்றாதீர்கள், பாட்டிலில் ஊற்றி வையுங்கள். பணியாரத்துக்கு அதுவே நன்றாக இருக்கும்.